கண்டிச்சீமைப் பாதை – 12: கோப்பி இலையில் விழுந்த துரு

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியே கிழக்கே போனால் மணமேல்குடி. அதை அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிறது அம்மாபட்டினம். இன்று அது மீன்பிடிப் படகுகளும் பள்ளிவாசல் மினாராக்களும் உள்ள ஊர். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இந்தக் கரை புதுக்கோட்டையின் கணக்கில் வந்தது. அதற்கு முன்பு தஞ்சாவூர் மாவட்டம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனாலும் சமஸ்தானத்துக் கிராமங்களுக்குக் கடல் அந்நியமாக இருந்ததில்லை. மழை தவறிய வருஷங்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்து வந்து சேர்ந்த துறைகள் தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன். அங்கிருந்து தோணி ஏறினால் எதிரே மன்னார். அதற்கப்பால் கண்டிச்சீமை.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணியின் முன்பணக் கணக்கைச் சென்ற இதழில் பார்த்தோம். அதே தோணிப் பாதையில் ஆட்களோடு சேர்ந்து வேறென்ன போனது, எதைத் தடுத்தார்கள், எதைத் தடுக்கத் தவறினார்கள் என்பது இந்த இதழின் கதை.

முதலில் தடுக்கப்பட்டது மனித உடல்தான்.

மன்னாரில் இறங்கிய கூட்டம் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தது. நூறு மைலுக்கு மேல் காட்டுப் பாதை; தண்ணீர் இல்லாத நீண்ட தொலைவுகள்; வழியெல்லாம் காலரா. எத்தனை பேர் அந்தப் பாதையிலேயே விழுந்தார்கள் என்பது பற்றி அக்கால அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் பல வருஷம் வாதாடியிருக்கிறார்கள். தொழிலாளி இறந்தால் முன்பணம் போயிற்று. அவனோடு காலரா மலையேறினால் தோட்டமே முடங்கும். ஆகவே வடக்குப் பாதையில் தங்குமிடங்களும் மருத்துவக் கொட்டகைகளும் மெல்ல மெல்ல எழுந்தன. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்த பிறகு பிடி இறுகியது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம். பின்னாளில் அதைவிடப் பெரிதாக மண்டபத்தில் ஒன்று. மண்டபம் ரயில் நிலையங்களில் ஒன்றுக்கு இன்றும் ‘மண்டபம் முகாம்’ என்றுதான் பெயர்.

அந்த முகாமில் ஆளைச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். அம்மை குத்தினார்கள். துணி மூட்டையைக் கிருமி நீக்கிக் கொடுத்தார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். கழுத்திலோ இடுப்பிலோ தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு. இவ்வளவுக்கும் பிறகே கப்பல்.

ஆனால் இலங்கையின் செல்வத்தை ஒரே தலைமுறையில் துடைத்துப் போட்ட நோய் எந்தக் கூலியின் உடம்பிலும் இல்லை. அது ஒரு செடியின் இலையில் இருந்தது. அதைச் சோதிக்க அன்றைக்கு ஒரு கொட்டகைகூட இல்லை.

மடுல்சீமையில் ஒரு இலை

1869. ஊவா மலைப்பகுதியில் மடுல்சீமை. அங்கே ஒரு கோப்பித் தோட்டத்தில் சில செடிகளின் இலைகள் வழக்கத்துக்கு மாறாகப் பழுத்து உதிர்ந்தன. (மலையகத்தார் ‘காப்பி’ என்று சொல்வதில்லை; கோப்பி. இந்தத் தொடரிலும் அப்படியே இருக்கட்டும்.)

இலையின் மேற்பக்கம் பார்த்தால் எண்ணெய்த் துளி பட்ட காகிதம் போல மங்கலாக ஒரு மஞ்சள் புள்ளி. திருப்பினால் அதே இடத்துக்கு நேர் கீழே ஆரஞ்சு நிறத்தில் பொடி. விரலால் தடவினால் மஞ்சள்தூள் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆகப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இலை கொட்டிவிடும். செடி உடனே சாகாது. மறுபடி துளிர்க்கும், மறுபடி கொட்டும். காய்க்குப் போக வேண்டிய சத்தெல்லாம் இலை விட்டே தீர்ந்து, இரண்டு மூன்று பருவத்தில் கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். முதல் வருஷம் துரைமார்கள் பயப்படாததற்கு இதுவே காரணம். உயிரோடு நிற்கிற செடியைப் பார்த்து நோயாளி என்று யாருக்குச் சொல்லத் தோன்றும்?

பேராதனை தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் ஜி.எச்.கே. த்வெயிட்ஸுக்குச் சந்தேகம் வந்தது. இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை ஆராய்ச்சியில் பேர்பெற்ற எம்.ஜே. பெர்க்லி, சி.இ. ப்ரூமோடு சேர்ந்து அதை ஆராய்ந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். வித்து ஒரு பக்கம் வழுவழுப்பாக இருப்பதால் முதல் பாதி. ‘பாழாக்குவது’ என்ற பொருளில் மறு பாதி. துரைமார்கள் கிளப்பில் அதைப் பெண் பெயராக்கி ‘நாசகார எமிலி’ என்று கேலி பேசினார்கள். கேலி பத்து வருஷம் தாங்கவில்லை.

விலை நன்றாக இருந்ததால், விளைச்சல் குறையக் குறையப் புதுக் காட்டை வெட்டிச் செடி வைத்துக்கொண்டே போனார்கள். 1878-இல் கோப்பிப் பரப்பு சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர். துரு தாக்கி ஒன்பது வருஷம் கழித்து, இலங்கை வரலாற்றிலேயே மிகப் பெரிய கோப்பிப் பரப்பு! மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர். ஒரு மலையில் எழும்பிய பொடிக்கு அடுத்த மலையில் இலை தயாராக இருந்தது.

அதே நேரத்தில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியா வாடிக் கிடந்தது. புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்கள் வெடித்துக் கிடக்க, மக்கள் குடும்பம் குடும்பமாகத் தோணித் துறைக்கு நடந்தார்கள். இவர்களைச் சுமந்துபோன பாதையின் மறுமுனையில், இவர்களுக்குச் சோறு போட வேண்டிய செடி இலை உதிர்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு வார்டுகள்

1880-இல் இலங்கை அரசு ஓர் இளைஞரை வரவழைத்தது. பெயர் ஹாரி மார்ஷல் வார்ட். வயது இருபத்தைந்து, இருபத்தாறு. தோட்டக்காரர்கள் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம்.

கண்ணாடித் துண்டுகளில் பசைபோன்ற திரவம் தடவிக் காற்றில் தொங்கவிட்டார். சில நாளில் அதில் துருவின் வித்துகள் ஒட்டிக் கிடந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் நோயைக் கொண்டுபோவது காற்றும்தான் என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. ஈரம் பட்ட இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியே பூஞ்சை உள்ளே நுழைவதையும் உருப்பெருக்கியில் பார்த்து வரைந்தார். மண்ணில் சத்துக் குறைவு, செடிக்கு வயசாகிவிட்டது, காற்றில் ஏதோ தோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது ஏமாற்றம். நோய் இலைக்கு வந்து சேர்ந்தபின் அதைச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதே அவர் அறிக்கையின் சாரம். 1882-க்குள் அவர் ஊர் திரும்பிவிட்டார். பின்னாளில் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். தாவர நோயியல் என்ற துறையின் முன்னோடிகளில் ஒருவராக அவர் பெயர் நிற்கிறது. இலங்கைத் தோட்டக்காரர்கள் அன்று அவரை வாழ்த்தி வழியனுப்பவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு வார்டும் உண்டு. நதானியல் வார்ட், லண்டனில் மருத்துவர். 1830-ஐ ஒட்டி, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணும் ஈரமும் இருந்தால் செடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்கு ‘வார்டு பெட்டி’ என்றே பெயர். அதற்கு முன்பு கப்பலின் மேல்தளத்தில் வைத்த செடிகள் உப்புக் காற்றிலேயே கருகிவிடும். பெட்டி வந்த பின்பு தேயிலையும் சின்கோனாவும் ரப்பரும் கண்டம் விட்டுக் கண்டம் போயின. செடியை வேரோடு, மண்ணோடு, இலையோடு பத்திரமாக அனுப்பும்போது, அந்த வேரிலும் மண்ணிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டிருப்பதும் பத்திரமாகவே போய்ச் சேரும். முதல் வார்டு திறந்த கதவின் பலனை இரண்டாம் வார்டு உருப்பெருக்கியில் பார்த்தார் என்று சொன்னால் தவறில்லை.

ரப்பர் விஷயத்தில் இலங்கைக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டனின் கியூ பூங்காவில் முளைவிட்டன. அங்கிருந்து 1,919 நாற்றுகள் 38 வார்டு பெட்டிகளில் கொழும்புக்கு வந்து, கம்பகா அருகே ஹெனரத்கொடையில் வளர்ந்தன. இலையோடு கூடிய கன்று அமேசானிலிருந்து நேராக வரவில்லை. இடையில் விதை, இடையில் கியூ. ரப்பரின் பெரும் எதிரியான தென்னமெரிக்க இலைக் கருகல் அந்தப் பயணத்தில் கூட வரவில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இன்று இப்படி மூன்றாவது நாட்டில் வளர்த்துப் பார்த்து அனுப்புவதை ஒரு முறையாகவே விதிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1956-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின்கீழ் ஆசிய நாடுகள் செய்துகொண்ட தாவரப் பாதுகாப்பு உடன்பாட்டில், இந்த ஒரு ரப்பர் நோய்க்கென்றே தனிப் பிரிவு வைத்தார்கள்.

கோப்பிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1870-இல் ஏற்றுமதி ஏறத்தாழ 45,000 டன். 1889-இல் 2,300 டன். 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. அதன் நோட்டுகள் தீவு முழுக்கப் புழங்கியவை. கவர்னர் ஆர்தர் கார்டன் அரசின் பொறுப்பில் அவற்றை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் கடைத்தெருவே நின்றிருக்கும். துரைமார்கள் பலர் கப்பலேறினார்கள். கூலிகள் வந்த வழியே நடந்தார்கள்.

திரும்பியவர்கள் கொஞ்ச காலத்தில் மறுபடி அழைக்கப்பட்டார்கள், தேயிலைக்கு. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்தூரையில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை, கோப்பி விட்ட இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. பருவம் முடிந்தால் ஆள் ஊருக்கு வந்துவிடலாம். பொங்கலுக்கு முன்னோ பின்னோ கிராமத்துக்குத் திரும்பிய கூட்டம் அது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கக் கிள்ள வேண்டியது; பெண்ணின் விரலும் பிள்ளையின் விரலும் வேண்டியது. ஆகவே குடும்பத்தோடு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தங்கல். புதுக்கோட்டைக் கிராமத்துக்காரர் ‘கண்டிக்குப் போய் வந்தவர்’ என்பதிலிருந்து ‘கண்டியிலேயே இருந்துவிட்டவர்’ ஆனதற்கு அந்த ஆரஞ்சுப் பொடிக்கும் பங்கு உண்டு.

இருபத்தொரு நாள் இடைவெளி

நோய்க்கு எல்லையில் சட்டம் வேண்டும் என்று முதலில் உணர்ந்தவர்கள் திராட்சைக்காரர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்ஸெரா என்ற சின்னஞ்சிறு பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களின் வேரைத் தின்று தீர்த்தது. 1878-இல் ஐரோப்பிய நாடுகள் பெர்ன் நகரில் கூடி, திராட்சைக் கொடி எல்லை தாண்டுவதற்கு விதி எழுதின. தாவர நோய்க்காக நாடுகள் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அதுவே. இலங்கையில் கோப்பிப் பரப்பு உச்சத்தில் இருந்த அதே வருஷம்!

இந்தியாவில் முதல் பயம் பருத்திக்கு. மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்கப் பருத்தி வயல்களுக்குள் பரவிய காய்க் கூன்வண்டு இங்கேயும் வந்துவிடுமோ என்று, 1906-இல் பம்பாயில் இறங்கும் அமெரிக்கப் பருத்திப் பொதிகளுக்குப் புகைமூட்டம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு முழுச் சட்டம்: 1914-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம், அழிவு செய்யும் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம். நாள், 1914 பிப்ரவரி 3.

அதற்குச் சரியாக இருபத்தொரு நாள் கழித்து, 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். கர்சன், எல்ஜின், ஹார்டிங்கே என்று மூன்று வைஸ்ராய்களின் பெயரில் மூன்று கப்பல்கள். ‘போட் மெயில்’ என்ற பேர் இன்றுவரை தேயவில்லை. ஒரே மாதத்தில் அரசாங்கம் ஒரு கையால் கதவைத் திறந்து, இன்னொரு கையால் அதற்குத் தாழ்ப்பாள் செய்தது.

தாழ்ப்பாள் எப்படி வேலை செய்தது? செடி, கன்று, வெட்டுக்கிளை எதுவானாலும் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம். பம்பாய், கல்கத்தா, சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற பெயர்களோடு அந்தப் பட்டியலில் தனுஷ்கோடியும் இருந்தது. வந்த செடியைக் காற்றுப் புகாத அறையில் அடைத்து ஹைட்ரோசயனிக் அமில வாயுவைச் செலுத்துவார்கள். செதில் பூச்சியும் அசுவினியும் சாகும், செடி பிழைத்துக்கொள்ளும். வாயு கொல்வது பூச்சியை. இலைக்குள் வேர்விட்டிருக்கும் பூஞ்சைக்கும் சாற்றில் ஓடும் நச்சுயிரிக்கும் அது ஒன்றும் செய்யாது. அமல்படுத்துபவர் சுங்க அதிகாரி. தாவரம் படித்தவர் அல்ல.

சமஸ்தானக் குழப்பம் ஒன்றும் உண்டு. புதுக்கோட்டை அப்போது பிரிட்டிஷ் இந்தியா அல்ல. 1948 மார்ச் 3-இல்தான் இந்திய யூனியனோடு இணைந்தது. கடலும் இல்லாததால், புதுக்கோட்டைக்கு வரும் எந்தக் கடல்கடந்த கன்றும் ஆங்கிலேயர் துறைமுகத்தைத் தாண்டியே வரவேண்டும். 1930-ஐ ஒட்டித் திருச்சி – மானாமதுரை ரயில்பாதை புதுக்கோட்டை வழியாக முழுமையான பிறகு, கண்டிச்சீமைக்கும் ஊருக்கும் இடையே இருந்தது இரண்டு ரயில், ஒரு கப்பல்தான்.

எதிர்க்கரையும் சும்மா இருக்கவில்லை. இலங்கை 1924-இல் பத்தாம் இலக்கத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. கோப்பியில் சூடுபட்ட தீவு, தேயிலை, ரப்பர், தென்னை மூன்றையும் கண்ணில் வைத்துக் காக்கத் தொடங்கியது. முக்கால் நூற்றாண்டு அந்தச் சட்டமே ஓடியது. 1999-இல் 35-ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

வாழைக்கு வந்தது

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் உடைந்தது என்பதைச் சொல்ல வாழைத் தோப்புக்குள் போகவேண்டும்.

கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் செம்மண் பூமியில் வாழை எப்படிப் பெருகுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தாய்மரத்தின் காலடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளில், ஈட்டி போல ஒடுங்கிய இலை கொண்டதை மண்வெட்டியால் கட்டையோடு பெயர்த்து, வேரைச் சீவிவிட்டு, அடுத்த வயலில் நடுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம், சம்பந்தி வீட்டுக்குச் சம்பந்தி வீடு, சந்தைக்குச் சந்தை கைமாறுவது அந்தக் கட்டைதான். விதையில்லாப் பயிர். தாயின் நோய் எதுவானாலும் பிள்ளைக்கு அப்படியே போகும்.

முடிக்கொத்து நோய் கண்ட வாழையை ஒருமுறை பார்த்தால் மறக்காது. புதிதாக வரும் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடக் குட்டை, ஒடுக்கம், விறைப்பு. எல்லாம் உச்சியில் ஒரே கொத்தாக நிற்கும். விரித்த குடையைப் பாதியில் மடக்கி நிறுத்தியது போல. இலைக்காம்பைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறியீடு எழுதியிருக்கும். குலை வராது, வந்தால் உடைந்த தண்டில் சிக்கிக்கொள்ளும். பரப்புவது வாழை அசுவினி. தொலைதூரம் கொண்டுபோவது மனிதர் கையில் போகும் கன்று.

இந்த நோய் முதலில் பதிவானது ஃபிஜி தீவில், 1889-இல். 1913-இல் இலங்கையில். அதே சமயம் ஆஸ்திரேலியாவிலும். அங்கே சில வருஷங்களில் நியூ சவுத் வேல்ஸ் வாழைத் தொழில் கிட்டத்தட்ட முழுசாகவே படுத்துவிட்டது. 1920களில் சி.ஜே.பி. மாகி என்ற இளம் ஆராய்ச்சியாளர் இது நச்சுயிரி நோய், அசுவினி பரப்புகிறது என்று நிரூபித்தார். பிறகு ஆஸ்திரேலியா செய்தது கறாரான காரியம். அனுமதியில்லாமல் கன்று நடக்கூடாது, தோட்டத்துக்குத் தோட்டம் ஆய்வாளர் வருவார், நோய்கண்ட மரம் உடனே அழிக்கப்படும். சட்டமும் ஆய்வாளரின் நடையும் சேர்ந்து அங்கே வாழையைத் தூக்கி நிறுத்தின.

இங்கே? 1940-இல், இலங்கையிலிருந்து வந்த நோயாகத் திருவிதாங்கூரின் கோட்டயம் பகுதியில் அது பதிவாகிறது. அதற்கு முந்திய ஆண்டு, 1939 ஆகஸ்ட் 1 முதல், இந்தியத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்திருந்தது. ஆட்களின் பாதை மூடப்பட்ட மறுவருஷமே, எதிர்த்திசையில் வாழை நோய் கரையேறியிருக்கிறது. தீவைக் காக்கவே இரு கரையிலும் அத்தனை முகாமும் முத்திரையும். தீவிலிருந்து நமக்கு வரக்கூடியதை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

கோட்டயத்திலிருந்து அது நின்று நிதானமாக மலையேறியது. 1959-இல் உள்நாட்டுத் தடை உத்தரவு வந்தது: நோய் உள்ள மாநிலங்களிலிருந்து வாழைக் கன்று வெளியே போகக்கூடாது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில். அதற்குள் பழனி மலையடிவாரத்துக்கும் சிறுமலைக்கும் அது வந்துவிட்டது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழை, 1970களில் சுமார் 18,000 ஹெக்டேராக இருந்தது, பிறகு இரண்டாயிரத்தை ஒட்டிச் சுருங்கிப்போனது. 1993-இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம், புதுக்கோட்டை விவசாயிக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரம். திசு வளர்ப்புக் கன்றில் நச்சுயிரி இருக்கிறதா என்று சோதிப்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று. தொட்டியில் வளர்ந்த திசுக் கன்றுக்குச் சோதனைச் சான்று கேட்கலாம். பக்கத்து வயலில் பெயர்த்த கட்டைக்கு யாரிடம் கேட்பது?

இன்றைய துறைமுகம்

தனுஷ்கோடியின் கதவு 1964 டிசம்பர் புயலில் கடலோடு போயிற்று. இன்று புதுக்கோட்டைக்காரரின் துறைமுகம் திருச்சி விமான நிலையம். கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையமும் அங்கே உண்டு. 1914 சட்டத்தின் கிளையாக 2003-இல் வந்த இறக்குமதி ஆணைப்படி, முன்அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் நலச்சான்றும் இல்லாமல் நடவுக் கன்று உள்ளே வரமுடியாது. மண் ஒட்டிய வேருக்கு இடமே இல்லை. அக்காள் வீட்டு முற்றத்தில் பார்த்த பூச்செடி என்று ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தோன்றும். 1869-க்கு முந்திய துரைமார்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

எதிர்க்கரையில் 2021-இல் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். சீனாவிலிருந்து ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் 20,000 டன் இயற்கை உரத்தோடு புறப்பட்டது. கட்டுநாயக்கவிலுள்ள தேசியத் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம் மாதிரியைச் சோதித்து, தீங்கு செய்யக்கூடிய பாக்டீரியா இருப்பதாகச் சொன்னது. விற்ற நிறுவனம் மறுத்தது. பணம் கொடுக்காத இலங்கை மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கருப்புப் பட்டியலில் சேர்த்தது. கப்பல் வாரக்கணக்கில் கடலில் சுற்றியது. கடைசியில் உரம் இறங்கவில்லை. ஆனால் 2022 ஜனவரியில் இலங்கை ஏறத்தாழ 67 லட்சம் டாலரைக் கொடுத்துத் தீர்த்தது. ஒரு சோதனைக்கூட அறிக்கை இரண்டு நாடுகளின் தூதரகங்களை உலுக்கியது.

அதேசமயம், சோதனைக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வருபவையும் உண்டு. அமெரிக்கப் படைப்புழு 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் மக்காச்சோளத்தில் கண்ணில் பட்டது. அதே வருஷம் தமிழ்நாட்டு வயல்களில். வருஷம் முடிவதற்குள் இலங்கையில் அம்பாறையில். அதன் தாய் அந்துப்பூச்சி. ஓர் இரவில் வெகுதூரம் பறக்கும். பாக் நீரிணை அதற்கு ஒரு பெரிய கண்மாய்.

இது பழைய அனுபவம்தான். கடல்மேல் காற்று வீசும்போது என்ன நடக்கும் என்பதை இரு கரையும் சேர்ந்து பார்த்த ஆண்டு 1946. அஸ்ஸாமில் 1868 முதலே அறியப்பட்ட ஒரு தேயிலை நோய், எழுபத்தெட்டு வருஷம் தெற்கே இறங்காமல் இருந்தது. அந்த வருஷம் அது தென்னிந்திய மலைகளிலும் இலங்கை மலைகளிலும் சேர்ந்தாற்போல் முளைத்தது. இளங்கொழுந்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி போல ஒரு வட்டம். சில நாளில் அது ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் வெள்ளை வெல்வெட்டாக உப்பும். கொப்புள நோய். கோப்பியின் கதை தெரிந்த ஒவ்வொரு துரைக்கும் அன்றிரவு தூக்கம் போயிருக்கும்.

கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நின்ற பெண்களுக்கு வேறொரு கவலை காத்திருந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் அவர்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வி கொழும்புப் பாராளுமன்றத்தில் எழப்போகிறது.

(அடுத்த இதழில்: கொப்புளமும் குடியுரிமையும்)